நான்காம் கட்டம்

படிவத்தின் நான்காம் கட்டத்தில்
'பள்ளியின் பெயர்' என்றிருக்கிறது.
இரண்டு நாளாக அதைத் தாண்டிப் போய்
ஐந்தையும் ஆறையும் நிரப்பிவிட்டுத்
திரும்பி வந்து பார்க்கிறேன்.
அப்படியேதான் இருக்கிறது.

குதைபியாவில் ஒரு கோல்டு ஸ்டோருக்கு மேலே
இரண்டாம் மாடி.
பள்ளி என்பது எங்கள் சாப்பாட்டு மேசை.
நாற்காலி மூன்றில் ஒன்றுக்குக் கால் ஆடும்,
அது எனக்கு.
குக்கர் மூன்றாம் விசில் அடித்தால்
கணக்கு முடிந்தது, வரலாறு.

ஆறாம் வகுப்பில் ஜெர்லினின் பெயரை அடித்தார்கள்.
ஹித் கப்பல் பட்டறையில்
நான்கு மாதம் சம்பளம் வராத வருஷம் அது.
மாற்றுச் சான்றிதழைக் கேட்டால்
முதலில் பாக்கியைக் கேட்டார்கள்.
நகையை மீட்பதுபோல்
ஒரு நாள் அதை மீட்டும் வந்தோம்.
"திரும்பிப் போகணுமா?" என்றாள்.
ஸ்டான்லி ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் பட்டறையிலிருந்து வரும்போது
கக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது.

இப்போது பத்தாம் வகுப்பு.
மேசை எழுதித் தரும் மதிப்பெண்ணை
எந்தக் கல்லூரியும் வாங்காது.
ஈசா டவுனில் ஏழு பள்ளிகளுக்குப் போன் செய்தேன்.
"வெளியாட்களுக்கு இடமில்லை."
"நாளைக்குக் கூப்பிடுங்கள்."
ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டார்:
"செய்முறையெல்லாம் எந்த ஆய்வகத்தில் செய்தாள்?"
மஞ்சள் கறை சோப்புப் பட்டுச் சிவந்ததை,
எலுமிச்சை பிழிந்ததும் பழையபடி மஞ்சளானதை,
அந்தத் துண்டை இன்னும் துவைக்காமல் வைத்திருப்பதை
யாரிடம் அட்டெஸ்ட் வாங்குவது?

எட்டாவது பள்ளியின் கவுண்டரில் சுபைதா சேச்சி.
சிபிஆர் நகல் சரி, பணம் சரி என்று
பேனாவை நான்காம் கட்டத்தில் நிறுத்தினாள்.
எனக்குத் தொண்டை வறண்டது.
"இங்கே ஒரு கோடு போடுங்க."
"கோடா?"
"கோடுதான். பள்ளி இல்லாதவங்களுக்கு அதான் பெயர்."
நான்கு வருஷத்தை
ஒன்றரை சென்டிமீட்டரில் இழுத்தேன்.
கொஞ்சம் கோணிவிட்டது.

புகைப்படத்துக்கு நீலப் பின்னணி வேண்டுமாம்.
ஸ்டான்லி தன் கவராலை விரித்துப் பிடித்தார்.
ஹால் டிக்கெட்டில் உற்றுப் பார்த்தால்
அவள் காதுக்குப் பக்கத்தில்
எவ்வளவு துவைத்தும் போகாத கிரீஸ் தெரியும்.

எனக்கு வேறொரு பயம் இருந்தது.
ஜெர்லின் வாயால் யோசிக்கிறவள்.
"அப்போ இது இங்கே வந்தா, அது எங்கே போகும்"
என்று எக்ஸோடும் ஒய்யோடும்
பேரம் பேசித்தான் எந்தக் கணக்கையும் முடிப்பாள்.
அறுபது பேர் மூச்சடக்கும் கூடத்தில்
அது எப்படி நடக்கும்?
ஏப்ரல் முழுக்கப் பழக்கினேன்.
மூன்று மணி நேரம், சத்தமில்லாமல்.
குக்கர்கூட வைக்கவில்லை,
ஓட்டல் பரோட்டாதான்.
முதல் நாள் பத்து நிமிஷம் தாங்கினாள்,
பிறகு அழுதாள், அதையும் சத்தமில்லாமல்.
அன்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.
ஆனாலும் மறுநாள் டைமரைத் திருப்பினேன்.

மே மாதத்துக் கணக்குத் தேர்வு.
காலை ஏழரைக்கே மூக்குக்கண்ணாடியில் ஈரம் படிந்தது.
மற்றப் பிள்ளைகள் ஒரே நிறச் சீருடையில் போனார்கள்,
இவள் பச்சைச் சுடிதாரில்.
வாசலில் ஒருமுறை திரும்பினாள்,
தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டாளாம்.

மதில் நிழல் சுருங்கச் சுருங்க
நானும் நகர்ந்துகொண்டிருந்தேன்.
காவலாளி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தந்தார்.
அதற்கும் கால் ஆடியது.

வெளியே வந்தவளிடம் எதுவும் கேட்கக் கூடாது
என்று நினைத்திருந்தேன், கேட்டுவிட்டேன்.
"மேற்பார்வைக்கு வந்த சார்
என் பக்கத்திலேயே நின்னுட்டார்மா.
உதடு அசைஞ்சுட்டே இருந்துதுல்ல,
ஜெபம் பண்றியான்னு கேட்டார்."
"நீ என்ன சொன்னே?"
"ஆமான்னேன்.
ஏழாவது கேள்விக்கு."

கார் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.
செவ்வாய்க்கிழமை வேதியியல்.
கோல்டு ஸ்டோரில் நிறுத்தச் சொன்னாள்,
எலுமிச்சை தீர்ந்துவிட்டதாம்.