ஓர் அடி குறைய

எங்கள் பாட்டு எதுவும்
ஒரு நிமிடம் ஐம்பது நொடியைத் தாண்டக் கூடாது,
மெர்வி போட்ட சட்டம்.
ஏழு மாதத்தை அதற்குள் மடிக்கப் பார்க்கிறேன்.
மடிப்பு எனக்குத் தெரிந்த வேலைதான்:
தாம்பெரே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு.

பழைய செருப்பு ஆலையின் நிலவறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை. நவம்பர்.
மூன்றரை மணிக்கே இருட்டு வந்து
வாசலில் சைக்கிள்களோடு சாய்ந்து நிற்கிறது.
"கோரஸில் நஞ்சு என்று வை, கத்த வசதி"
என்கிறாள் மெர்வி, கிதாரைச் சொருகியபடி.
வைத்தேன். அடித்தேன்.
மூன்று குளிர்காலம் என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பிப்
பல் துலக்க வைத்த மாத்திரை அது.
நன்றியும் சொல்லத்தான் வேண்டும்,
மூன்று கார்டில் அதற்கு இடமில்லை.

என் கோபம் பெட்டிக்குள்
எட்டாய் மடித்து வைத்த தாளின் மேல்.
பொடி எழுத்தில்: நிறுத்தும்போது லேசான அசௌகரியம்.
லேசான.
லேசான லேசான லேசான என்று
தொண்டை கிழியும் வரை கத்திவிட்டு
இறங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கண்ணை இடப்பக்கம் திருப்பினால்
மண்டைக்குள் மின்வெட்டு.
வலியில்லை. விளக்கு போகும், வரும்.
இடையில் நான் எங்கிருந்தேன் என்று
யாரும் கேட்டதில்லை.
சாலை கடப்பதற்குள் இரண்டு.
சோப்பு விளம்பரத்துக்கு அழுகை.
விடியலில் வியர்த்து ஊறிய என் விரிப்பை
நானே துவைக்கிறேன், நானே மடிக்கிறேன்,
இதற்குக் கூலி கிடையாது.

நர்ஸ் ஹெல்லெவி கோடு போட்ட தாளில் எழுதித் தந்த கணக்கு:
வாரத்துக்கு நான்கு மணி குறை.
சமையலறை மேசையில் கேப்ஸ்யூலைப் பிரித்து
வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுகிறேன்.
கடுகிலும் சிறுத்தவை.
காரம் அப்படியே.

இல்மரியிடம் கேட்டேன்,
மின்வெட்டு வரும் இடத்தில் ஓர் அடியை விட்டுவிடு.
இருபது வருடமாய் ஓர் அடி தவறாதவன்.
விட்டான், எட்டுக்கு ஒன்றாய், ஒழுங்காய்.
தவறும் தாளமாகிப்போனது,
கேட்பவர்கள் அதற்கும் கால் தட்டுவார்கள்.
"எனக்குத் தெரியாத இடத்தில் விடு."
"உனக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?"
குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தான்.

சனிக்கிழமை, மீன்சந்தைக்குப் பின்னால் ஒரு மதுக்கடை.
அறுபது பேர் இருக்கும்.
இல்மரி டிரம்மைப் பின்னால் போடாமல்
மேடையின் ஓரத்தில், என்னைப் பார்க்கப் போட்டிருந்தான்.
ஏனென்று கேட்க நேரமில்லை.
இரண்டாம் பத்தியில் கதவு திறந்து குளிர் புகுந்தது.
யாரென்று பார்க்கக் கண் திரும்பியதும்
விளக்கு போனது.
அதே நொடியில்
டிரம்மும் போனது.

குதித்துக்கொண்டிருந்த அறுபது பேரும்
அந்தரத்தில் நின்றார்கள்.
வாய் திறந்தபடி, கையில் பியர் சாயாமல்,
என்னைத் தவிர யாரும் போயிராத அந்த இடத்தில்.

பிறகு அடி விழுந்தது.
எல்லாரும் சேர்ந்து விழுந்தோம்,
யாரோ என் காலை மிதித்தார்கள்.

இரண்டு நிமிடம் நான்கு நொடி என்று
வேனில் வீடு வரை திட்டிக்கொண்டே வந்தாள் மெர்வி.
இல்மரி ஜன்னல் பக்கம் தூங்கிவிட்டான்.
ஞாயிறு காலை, தட்டில் முப்பத்தொன்று.
சந்தேகம் வந்து
மறுபடி எண்ணினேன்.