நிறுத்தல்

சம்மாந்துறையில் இரவு பன்னிரண்டே முக்கால்.
இரண்டு மணிக்குக் கரண்ட் வெட்டுவோம் என்று
மின்சார சபை நேற்றே சொல்லிவிட்டது.
யூபிஎஸ் பற்றரியை நம்பேலாது,
போன பெருநாளோடு அது ஊதிப்போய்க் கிடக்கிறது.

ஆலையின் பின்னறையில், உமித்தூசி படிந்த சேர்வருக்குள்
ஜாவா ஓடுகிறது.
இறக்காமம், மல்வத்தை, நிந்தவூர், திருக்கோவில்:
நாலு தராசும் இதனிடம்தான் கணக்கு ஒப்புவிக்கின்றன.

பதினைந்தாம் இலக்கச் சமிக்ஞையை அனுப்பினேன்.
அந்தக் கட்டளைக்கும் பெயர் 'கொல்' என்றுதான்.
ஆனால் பதினைந்து காதில் விழும்:
வாசலைச் சாத்து, கையிலிருப்பதை முடி,
கடைசி வரியை எழுதிவிட்டுப் போ.
ஒன்பது அப்படியல்ல.
ஒன்பது வந்தது, போகிறவனுக்கே தெரியாது.

புதிதாய் வருபவருக்கு 'பொறுத்து வாங்க' என்று ஒரு வரி.
உள்ளே இருப்பவர் இருக்கட்டும்.
சோற்றில் கைவைத்தவனை எழுப்புவதில்லை.

திரெட் பதினேழு.
பதினொன்று.
நாலு.

பிறகு ஒன்று.
பிறகும் ஒன்று.

முப்பது விநாடிதான் தவணை என்று எவரோ எழுதியிருந்ததை
வெள்ளாமை வெட்டும் மாதமென்று முந்நூறாக்கியவள் நான்.
அதிலும் பாதி போய்விட்டது.

"ஒன்பதப் போடு புள்ள, நித்திர வருகுது"
போனில் இல்ஹாம் காக்கா.
"ஆருட மூட்ட உள்ளுக்க நிக்கிதெண்டு தெரியாம எப்பிடி?"

இறக்காமத்துக்கு எடுத்தேன். அங்கே மழை.
தகரச் சத்தத்துக்கு மேலால் தராசடி நஸ்மிர் கத்தினான்:
"லொறி ஏறி நிக்கிது, லைன் இழுக்குது, மறுகா என்ன செய்ய?"
"நிறுத்துப்போட்டுச் சொல்லு" என்றேன்.
"என்ன? நிறுத்திப்போட்டா?"

துவா தியா,
ஒரு எழுத்தை மழை தின்றுவிட்டது.
அந்த எழுத்துக்குள் ஒரு லொறி,
ஒரு போகத்து நெல்,
எனக்கு மீதி நாற்பது விநாடி.

"நெல்ல! நெல்ல நிற!"

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
நடுவட்டை, சித்தி நயீமா.
பதிந்தது.

சுழி.
தரவுத்தள இணைப்புகள் ஒவ்வொன்றாய்க் கைவிட்டன.
லொக்கில் கடைசி வரி, ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாமல்.
விசிறி இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு
தன்பாட்டில் நின்றது.

இரண்டு மணிக்குக் கரண்ட் போகவில்லை.
மூன்றுக்கும் போகவில்லை.
ஓடாத சேர்வருக்குப் பக்கத்தில்
பிளேன்ரீ ஊற்றிக் குடித்தேன்.