வில்லை ஒட்டாத பெட்டி

வேலி போட்டார்கள். நாலு மீட்டர்,
மேலே சுருள் முள்கம்பி.
அமைச்சர் வந்து, சட்டி வாங்குகிறவர்போல்
தட்டிப் பார்த்துவிட்டு வில்னியுஸ் திரும்பினார்.
அந்த வாரமே காற்று கிழக்கிலிருந்து வீசியது.

இப்போது சிகரெட் நடந்து வருவதில்லை.
பெலாருஸ் காட்டுக்கு மேலே
பலூனில் தொங்கிக்கொண்டு வருகிறது.

புது ரேடார் திரையில்
காட்டுவாத்தும் புள்ளி, பலூனும் புள்ளி.
வாத்து வரிசை மாறும்.
பலூனுக்குத் தன்னிஷ்டம் கிடையாது.
இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல,
பதினோரு இரவு கண்விழித்தது.

நேற்று தாங்குவோலேயின் ஆப்பிள் மரத்தில் ஒன்று சிக்கியது.
ஏணி கேட்டேன், தந்தாள்.
ஆயிரத்து ஐந்நூறு பெட்டி என்று எழுதினேன்.
"உதிர்ந்த பழத்தையும் எழுது" என்றாள்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

விடிந்து வீடு வந்தேன்.
வீதெனிஸ் அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு
உறைபனியில் நின்று புகைத்துக்கொண்டிருந்தான்.
சன்னல் விளிம்பில் பெட்டி.
திருப்பிப் பார்த்தேன்.
வரிவில்லை இல்லை.

ஒரு பூட்ஸைக் கழற்றியிருந்தேன்.
மற்றதன் கயிறு கையில்.

"சந்தையில்தான் வாங்கினேன்" என்றான்,
நான் வாய் திறக்குமுன்.

புகை மேற்கே போனது.