நான்காவது நிரல்

மஹரகம, மூன்றாம் மாடி.
ஏசியும் ஓடுகிறது, யன்னலும் திறந்திருக்கிறது.
முதல் நிரல் பின்லாந்து:
ஆசிரியர்களைக் கேட்டுத்தான் எழுதுவார்களாம்.
ஜப்பானில் பத்து வருடத்துக்கு ஒருக்கால்
நிதானமாகத் திருத்துவார்களாம்.
சிங்கப்பூர் அகலம் போதாமல்
அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

நான்காவது நாங்கள்.
"யாரைக் கேட்டீர்கள்?" என்ற கட்டத்தில்
சமரநாயக்க ஒரு கோடு போட்டார்.
அழித்தார்.
"குழு" என்று எழுதினார்.

எனக்குத் தமிழாக்கம் மட்டும்.
ஆறாம் தரம், அலகு மூன்று:
மேப்பிள் இலை நிறம் மாறுவதை அவதானிக்குக.
கொட்டாஞ்சேனைப் பிள்ளை எதை அவதானிக்கும்
என்று கேட்டேன்.
மூலப் பிரதியில் அப்படித்தான் இருக்கிறது, மிஸ்.
தேநீர் வந்தது. பஸ்லியா மட்டும்
பேனையை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

நூற்று முப்பத்தெட்டு பஸ்
கிருலப்பனையில் அரை மணித்தியாலம் நகரவில்லை.
வாய்க்கால் ஓரம் கொட்டம்பா மரம்,
பாதி பச்சை, பாதி இரத்தச் சிவப்பு.
இத்தனை வருடம் இந்த வழியால்தான் போகிறேன்.
வாதுமை என்று எழுதினால்
கடையில் விற்கும் பருப்பென்று நினைப்பார்கள்.
கொட்டம்பா என்றால் சிங்களம் என்பார்கள்.

இறங்கி மூன்று இலை பொறுக்கினேன்.
கொண்டக்டர் கத்துகிறான், ஏறுங்க மிஸ், ஏறுங்க.
நாளை ஒன்பதரைக்கு மறுபடி கூட்டம்.