இரண்டரை மணி நேரம்

குப்பத்துக்கு வந்து நான்கு நாள்.
கைக்கடிகாரத்தை இன்னும் திருப்பவில்லை.
அது தெலுக் இந்தானிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.
பார்க்கும்போதெல்லாம் கழித்துக்கொள்வேன்:
இரண்டு, அப்புறம் ஓர் அரை.
ஆறு வாரம்தானே.

இங்கே ஒரே வார்டில் மூன்று மாநிலம் படுத்திருக்கிறது.
மூன்றாம் கட்டிலுக்கு வலி.
ஜன்னலோரத்துக்கு நோவு, அவள் கோலார் பக்கம்.
மிச்சப் பேருக்கெல்லாம் நொப்பி.
முதல் நாள் ஒருத்தி “கடுப்பு நொப்பி” என்றாள்.
யார் மேலம்மா கடுப்பு என்று கேட்டுவிட்டேன்.
கருணம்மா சிஸ்டர் சிரித்த சிரிப்பில்
சலைன் ஸ்டாண்டு ஆடியது.
அந்தச் சொல்லுக்கு வயிறு என்று அர்த்தமாம்.
கர்ப்பம் என்றும்.
மருந்துக் கம்பெனி கொடுத்த குட்டி நோட்டில்
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

சட்டைப்பையில் அட்டை தொங்குகிறது:
துர்கேஸ்வரி வீரையா, இறுதியாண்டு மாணவி.
யாரும் அதைப் படிப்பதில்லை.
மலேசியா, கிளவுஸ் எடு.
மலேசியா, அந்தம்மாவுக்கு பி.பி. பாரு.
மலேசியா, சாப்ட்டியா?

பதினேழாம் தேதி ராத்திரி
முனிலட்சுமி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.
தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவள்.
வலி ஏறும்போதெல்லாம் பெட்டி எண்ணினாள்:
ஒகட்டி, ரெண்டு, மூடு.
ரெண்டு மட்டும் எனக்கும் ரெண்டு.
அந்த இடத்தில் நானும் சேர்ந்து சொன்னேன்.

ஒன்பதரைக்கு ஏப்ரன் பைக்குள் போன் துடித்தது.
அங்கே நள்ளிரவு.
அம்மா தூங்காமல் உட்கார்ந்திருப்பார்,
அடுத்தது அண்ணன், அப்புறம் ஹாஸ்டல் தோழிகள்.
என் இரண்டு கையும் ரத்தமும் நீருமாய்.
இருபத்து நான்கு வயது
தொடையில் அதிர்ந்து அதிர்ந்து
தானே ஓய்ந்தது.

ஆடபில்ல, என்றார் சிஸ்டர்.
ஆண்பிள்ளை என்றே காதில் விழுந்தது.
திரும்பிப் பார்த்தேன். பெண்.
இரண்டு கிலோ அறுநூறு,
குரலுக்கு மட்டும் எடை அதிகம்.

ரிஜிஸ்டரை என்னிடம் தள்ளினார்கள்.
மணிக்கட்டைப் பார்த்து எழுதினேன்:
பதினெட்டாம் தேதி, அதிகாலை ஒன்று பதினேழு.
சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.
“இது எந்த ஊர் டைமு தல்லி?”
சுவரில் பத்து நாற்பத்தேழு.
தேதியில் ஒரு கோடு, நேரத்தில் ஒரு கோடு,
பக்கத்தில் என் கையெழுத்து.
ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகத்தான்
நாங்கள் இருவரும் ஒரே நாளில் பிறந்திருந்தோம்.

காலையில் அவள் புருஷன் வந்தான்,
லாரித் தூக்கம் கலையாத கண்ணோடு.
ஜாதகம் எழுதணும், நேரம் சரியாச் சொல்லுங்க மேடம்.
பத்து நாற்பத்தேழு என்றேன்.
நிச்சயமா?
இரண்டு கோட்டையும் அவனுக்குக் காட்டவில்லை.
நிச்சயம் என்றேன்.
ஒரு நிமிஷம் முன்பின்னாய் இருந்தால்
அந்தப் பிள்ளை என்னைத் திட்டட்டும்.

மத்தியானம் டியூட்டி ரூமில் கேக்.
ரயில்வே ஸ்டேஷன் எதிரே வாங்கியதாம்.
பச்சைக் க்ரீமில் வளைத்து வளைத்து
“ஹாப்பி பர்த்டே மலேசியா”.
ஒரு நாட்டுக்கே பிறந்தநாள் போல இருந்தது.
லேப் சையத் பாஷா
சர்ஜிகல் பிளேடைக் கழுவிக் கொண்டுவந்தார்,
சிஸ்டர் அவரைத் துரத்திவிட்டு ஸ்பூனால் வெட்டினார்.
அம்மாவுக்குப் படம் அனுப்பினேன்.
“உன் பேரு எங்கடி?” என்று பதில் வந்தது.
கீழே இன்னொன்று: “பசியாறியாச்சா?”

ராத்திரி ஒன்பதரை.
வீட்டில் என் பிறந்தநாள் முடிந்துவிட்டது.
அங்கே எல்லோரும் படுத்திருப்பார்கள்.
இங்கே எனக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் பாக்கி,
யாரும் வாழ்த்தாத, யாரும் கேட்காத நேரம்.
மிச்சக் கேக்கில் “சியா” மட்டும் இருந்தது.
நின்றுகொண்டே தின்றேன்.
பெங்களூர்ப் பக்கம் ஒரு கூட்ஸ் போனது, நீளமாய்.

கை கழுவி முடிக்கவில்லை,
வாசலில் ஆட்டோ.
இரண்டு பேர் தாங்கிப்பிடித்து ஒருத்தியை இறக்கினார்கள்.
கடுப்பு நொப்பி, கடுப்பு நொப்பி.
சிஸ்டர் இன்னும் சாப்பாட்டில்.
நோட்டை எடுக்காமலே கேட்டேன்:
எப்பட்டி நுஞ்சி?
அவள் சொன்ன மணியை
அப்படியே எழுதினேன்,
எதையும் கழிக்காமல்.