இருபத்திரண்டு மில்லிமீட்டர்

முதலில் காதுக்கும் காதுக்கும் நடுவே அளந்தார் செனோன்.
இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
கடிகாரத்துக்குக் காது உண்டென்று
எனக்கு அன்றுதான் தெரியும்.

சிலோவே தீவு. காஸ்த்ரோ நகரின் மீன்சந்தைக்குப் பின்னால் கடை.
வெளியே மழை. இங்கே அதைத் தனியாகச் சொல்வதில்லை.

கவிழ்த்து முதுகைத் திறந்தார்.
உள்ளே ரப்பர் வளையம் கருகிய நூலாய் நொறுங்கியது.
"இது போச்சு."
திருகுமுடியில் மரை தேய்ந்திருந்தது.
"இதுவும் போச்சு."
முகப்பு வளையத்தை இடப்பக்கம் திருப்பினார், திரும்பியது.
வலப்பக்கம் திருப்பினார்.
அதுவும் திரும்பியது.
அதன்பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அது ஒரு பக்கம்தான் திரும்ப வேண்டும்.
பாறை இடித்தாலும் கூடை உரசினாலும்
மிச்ச நேரத்தைக் குறைத்துத்தான் காட்டலாம்,
கூட்டிக் காட்டக் கூடாது.
பயந்தாங்கொள்ளிப் பொய் மட்டும் சொல்ல
அதற்கு அனுமதி.
நகத்துணுக்கு அளவில் ஒரு தகட்டு வில்
அதைக் காவல் காக்கிறது.

காவல் தேய்ந்திருந்தது.
முப்பது மீட்டர் ஆழத்தில் கடல்முள்ளி பொறுக்கும் இரினேயோ
முள்ளைப் பார்த்து முள்ளைப் பொறுக்கி
இன்னும் பதினொரு நிமிடம் இருக்கிறதென்று நம்பினான்.
மேலே படகில் நான்
கம்ப்ரஸர் சத்தத்தோடு, காற்றுக்குழாயைப் பிடித்தபடி.
அவனிடம்தான் வாட்ச் இருக்கிறதே.

அழுத்த அறையில் மூன்று இரவு.
பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள் கடிகாரத்தை.
இரண்டாம் நாள் மாலை நாலு இருபதுக்கு நின்றது.
கை அசையாவிட்டால் நின்றுவிடும் ரகம்.
என் கையில் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு தோல் சீவினேன்.
ஓடத் தொடங்கியது.

வில் சான்டியாகோவிலிருந்து வரப் பதினேழு நாள்.
"கண்ணாடியும் மாற்றலாமா? கீறல் விழாத கண்ணாடி இருக்கிறது."
கீறல் வழியாகவே மணி தெரிகிறது,
பணம்தான் தெரியவில்லை என்றேன்.

பிறகு வார்களைப் பரப்பினார்.
தோல், கல்யாணத்துக்கு.
எஃகு, பளபளப்பு; நீச்சல் சட்டையின் கைமேல் ஏறாது.
ரப்பர், மடிப்பு மடிப்பாக, வெனிலா வாசனையோடு;
ஆழத்தில் சட்டை நசுங்கி மெலியும்போது
தானும் சுருங்கிப் பிடிக்குமாம்.
கடைசியில் நைலான், ஒரே பட்டை,
இரண்டு ஊசிக்கும் அடியில் நுழைந்து போவது.
ஒன்று ஒடிந்தாலும் மற்றது விடாது.
"இதில் அழகில்லை," என்றார்.
அதையே கேட்டேன்.
நிறம்?
ஆரஞ்சு. முப்பது மீட்டரில் அது சாம்பலாகிவிடும்
என்று இரினேயோ சொல்லியிருக்கிறான்.
பரவாயில்லை, ஆரஞ்சு.

தயாரானதும் கடையிலேயே ஒரு முழுச் சுற்றுத் திருப்பினேன்.
நூற்றிருபது கிளிக்.
பின்னோக்கித் தள்ளினேன். அசையவில்லை.
இன்னொரு தரம் தள்ளினேன்.

செப்டம்பரில் அவன் மறுபடி இறங்கினான்,
பதினைந்து மீட்டருக்கு மேல் கூடாதென்ற மருத்துவச் சீட்டோடு.
சட்டைக் கைமேல் கட்டுகிற நீளமாகப் பார்த்து வாங்கியது என்று
நீட்டினேன்.
என் கையை இழுத்து அதில் கட்டினான்.
"கீழே இருக்கிறவனுக்கு ஆசை வரும்.
இருபத்தைந்து நிமிஷம். நீ இழு, வர்றேன்."

வார் எனக்கு மிக நீளம்.
இரண்டு மடிப்பு மடித்தும் நுனி காற்றில் அடித்துக்கொள்கிறது.
குமிழிகள் மெல்லத் தெற்கே நகர்கின்றன.
இருபத்துமூன்றில் இழுத்தேன்.

படகின் விளிம்பைப் பற்றி, முகமூடியைத் தூக்கி,
பாதிக் கூடையைக் காட்டிக் கேட்டான்:
"அதற்குள் ஆகிவிட்டதா?"
ஆகிவிட்டது என்றேன்.