டிரைவர் கிடைக்கவில்லை

கடைசி ஆளையும் பிஸ்டர்ட்ஸில் இறக்கிவிட்டு
காலி டிராமைப் பணிமனையில் நிறுத்தி
பிர்னோவின் பனியை பூட்ஸோடு மூன்று மாடி சுமந்து
கம்ப்யூட்டரைத் திறந்தால்
கறுப்புத் திரையில் ஒரே வரி:
டிரைவர் கிடைக்கவில்லை.

பதினோரு வருட சர்வீஸ் எனக்கு.
உரக்கவே சொன்னேன்,
இதோ நிற்கிறேன், கண்ணைத் திறந்து பார்.

இந்தப் பெட்டிக்குப் பன்னிரண்டு வயது.
விண்டோஸ் நாடி பிடித்துப் பார்த்துக்
கைவிரித்த பிறகுதான் லினக்ஸ் ஏற்றினேன்.
கொள்கையெல்லாம் இல்லை, கையில் காசில்லை.
கொள்கை பிறகு வந்தது,
வாடகைக்கு வந்தவன் மெல்ல
வீட்டுக்காரன் ஆவதைப் போல.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு
ஆஸ்ட்ராவாவில் என் தம்பி க்விதோ,
இங்கே நான்.
ஒரே படகு, இரண்டு துடுப்பு,
எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஆறு.
அப்பாவின் வீடு விற்ற காசில்
எங்கள் பேச்சு முறிந்து மூன்று வருடம்.
இடப்பக்கம் பாறை.
இழு.
இன்னும் இழு.
இவ்வளவுதான் பேசிக்கொள்வோம்.
இவ்வளவாவது பேசினோம்.

ஆறு லேசில் வந்துவிடவில்லை.
முதலில் சத்தம் மட்டும் வந்தது,
இருட்டில் எங்கோ தண்ணீர்.
பிறகு படம் வந்தது, சத்தம் போனது.
பிறகு இரண்டும் வந்தன;
தண்ணீர் மட்டும் பால் கொட்டியதுபோல் வெள்ளை.
ஷேடர்கள் தயாராகின்றன: 4 சதவீதம்.
சூப்பைச் சுடவைத்தேன்.
9 சதவீதம்.
குடித்தேன், கிண்ணம் கழுவினேன்.
11.

தாங்காமல் அறுநூறு வரிப் பிழைப்பட்டியலை
அந்த டிரைவரை எழுதுகிறவர்களுக்கு அனுப்பினேன்.
நான்காம் நாள்
மொண்டெவிடியோவிலிருந்து எவாரிஸ்தோ என்றொருவர்:
"நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் தவறு.
என் ஆறும் வெள்ளைதான். திருத்திவிட்டேன்."
அறுநூறையும் படித்திருக்கிறார்!
பொஹுமிலோடு ஆறு வருடம் குடித்தனம் நடத்தினேன்,
ஒரு கடிதத்தை அவன் கடைசிவரை படித்ததில்லை.
அன்றிரவு தண்ணீர் பச்சையாக ஓடியது.
துடுப்பைப் போடாமல் கொஞ்ச நேரம்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
இழு, என்றான் க்விதோ.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை
அப்டேட்டோடு ஒரு காவலாளி வந்தான்.
ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க வந்தவனாம்.
கெர்னல்வரை இறங்கி மோப்பம் பிடிக்க வேண்டுமாம்;
என் வீட்டின் படிக்கட்டு அவனுக்குப் புரியவில்லை,
ஆகவே நான் திருடி.
டிக்கெட் வாங்கியவளைச்
செருப்பின் மாடல் பார்த்து இறக்கிவிட்டான்.
எங்கள் டிராமில் இப்படிச் செய்தால்
மறுநாள் சீருடையைக் கழற்ற வேண்டும்.

கம்பெனிக்கு எழுதினேன்.
பரிசீலிக்கிறோம் என்றார்கள்.
ஒரு சதவீதம் பேர்தானே நீங்கள் என்பதை
மரியாதையாகச் சொல்லும் முறை அது.

க்விதோ செய்தி அனுப்பினான்:
விண்டோஸோடு புதுசு வாங்கிக்கொள், காசு நான் தருகிறேன்.
காசு.
அந்தச் சொல் மறுபடி எங்களுக்கு நடுவே
வந்து உட்கார்ந்துகொண்டது.
நான் பதில் போடவில்லை.
நான்கு ஞாயிறு போயின.

ஐந்தாம் ஞாயிறு ஒன்பதே காலுக்கு
போன் அடித்தது. செய்தி இல்லை, குரல்.
"அக்கா, லினக்ஸ் ஏற்றிவிட்டேன்.
திரை கறுப்பாக இருக்கிறது.
டிரைவர் கிடைக்கவில்லை என்கிறது."

மடையா,
காவலாளி இனி உன்னையும் விடமாட்டானே என்றேன்.
தெரியும் என்றான்.
வேறு ஏதோ இலவச விளையாட்டாம்,
இரண்டு பேர் தள்ளும் தண்டவாள வண்டியாம்,
படு அசிங்கமாக இருக்குமாம்,
என் பெட்டியில் ஓடுமா என்று
முன்பே விசாரித்துவிட்டானாம்.

நான் கட்டளை சொல்லச் சொல்ல
அவன் தட்டினான்.
அது எல்லா, ஒன்றா?
எல்.
இடைவெளி உண்டா?
உண்டு.
அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?
பரவாயில்லை. இப்போது என்டர் தட்டு.

இரவு ஒன்றரை.
நாலே முக்காலுக்கு முதல் டிராம் என்னுடையது.
ஒன்றும் விளையாடவில்லை நாங்கள்.
அவன் வாசிக்கிறான்:
ஷேடர்கள் தயாராகின்றன,
4 சதவீதம்.